யாழ். பொது நூலகம்: பார்க்க வருபவர்களும் படிக்க வருபவர்களும்

யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோவில், ஒல்லாந்தர் கோட்டை, நயினாதீவு, நிலாவரைக் கிணறு, காரைநகர் கசூரினா கடற்கரை... இவற்றோடு ஒரு நூலகமும் தவறாமல் இருக்கும். கோவிலையும் கோட்டையையும் கடலையும் பார்க்கப் போவது வழக்கம்தான். நூலகத்தைப் பார்க்க யாராவது பஸ் பிடித்துப் போவார்களா?

உலகத்தில் அப்படிப் பார்க்கப்படும் நூலகங்கள் பல உண்டு. சில மிகப் பழையவை. சில மிகப் பெரியவை. சிலவற்றில் வேறெங்கும் இல்லாத ஏடுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். யாழ். பொது நூலகம் இந்த மூன்றிலும் சேராது. கட்டடம் முதலில் திறக்கப்பட்டது 1959 இல்தான். இன்று நாம் பார்ப்பது அதையும் மீளக் கட்டிய வடிவம். உள்ளே இருப்பவை எந்தப் பொது நூலகத்திலும் இருக்கக்கூடிய அலுமாரிகள், மேசைகள், பத்திரிகைகள்.

பிறகு ஏன் வருகிறார்கள்? அது எரிக்கப்பட்டது என்பதற்காகத்தான். ஆனால் அங்கே போய் நின்றால் தெரிவது வெள்ளை வெளேரென்ற, குவிமாடங்கள் வைத்த ஓர் அழகான கட்டடம். முன்னால் சரஸ்வதி சிலை. அதன் முகப்பில் தீயின் தடம் எதுவும் இல்லை. எதைப் பார்க்க வந்தார்களோ அது கண்ணுக்குத் தெரிவதில்லை! இந்த முரண்பாடு எப்படி வந்தது என்பதை விளங்கிக்கொள்ள நூலகத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

844 நூல்களில் தொடங்கியது

இந்த நூலகத்தைத் தொடங்கியது அரசாங்கமும் அல்ல, அரசனும் அல்ல. அச்சுவேலியைச் சேர்ந்த க. மு. செல்லப்பா என்பவர் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் பணியாற்றியவர். 1933 இல் அவர் தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊருக்கு ஒரு இலவசத் தமிழ் நூலகம் வேண்டும் என்று ஒரு வேண்டுகோளும் விடுத்தார். ஊரிலிருந்த படித்தவர்கள் கூடினார்கள், குழு அமைத்தார்கள், பணம் சேர்த்தார்கள். 1934 ஆகஸ்ட் 1 ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பட்டது. அப்போது இருந்தவை 844 நூல்களும் 36 பருவ வெளியீடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டு அது நகரசபையிடம் ஒப்படைக்கப்பட்டது.

வாசகர்கள் கூடக்கூட இடம் போதவில்லை. யாழ்ப்பாண மாநகரசபையின் முதல் மேயரான சாம் ஏ. சபாபதி புதிய கட்டடத்துக்கான முயற்சியை முன்னின்று நடத்தினார். களியாட்ட விழா, அதிர்ஷ்டலாபச் சீட்டு என்று பல வழிகளில் பணம் திரட்டப்பட்டது. அதாவது ரிக்கெட் வாங்கிய சாதாரண மக்களின் காசும் இந்தக் கட்டடத்தில் இருக்கிறது. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த அயர்லாந்துக்காரர் லோங் அடிகளார் இந்த முயற்சிக்குப் பெரும் துணையாக இருந்தார். நூலகத்தில் அவருக்குச் சிலை வைத்திருப்பது அதனால்தான்.

இரண்டு இந்தியத் தமிழர்களின் பங்கையும் சொல்ல வேண்டும். கட்டடத்தைத் திராவிடக் கட்டடக்கலைப் பாணியில் வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் வி. எம். நரசிம்மன். நூலகம் எப்படி அமைய வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் அவர், 1931 இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் முதலாவது, நூல்கள் இருப்பது பயன்படுத்தப்படுவதற்காக என்பது. கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் புத்தகங்களைப் பூட்டிப் பாதுகாப்பதே நூலகத்தின் வேலை என்று நினைத்த காலத்தில் அது பெரிய மாற்றம். அந்த எண்ணத்தில் உருவான நூலகம் இது.

1954 மார்ச் 29 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 அக்டோபர் 11 இல் அப்போதைய மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். 1967 இல் சிறுவர் பகுதி வந்தது. வாடகை அறையில் தொடங்கிய நூலகம் 1981 ஆம் ஆண்டளவில் சுமார் 97,000 நூல்களைக் கொண்டிருந்தது.

அந்த இரவு

1981 மே 31. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. யாழ்ப்பாணத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணி நடத்திய தேர்தல் கூட்டத்தில் பொலிசார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பொலிசார் இருவர் உயிரிழந்தனர். அதன் பின் பொலிசார் நகரத்துக்குள் வெறியாட்டம் ஆடினார்கள். கடைகள் எரிந்தன. கூட்டணியின் அலுவலகம் எரிந்தது. யாழ்ப்பாணத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு எரிந்தது. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தன. நூலகமும் எரிந்தது. நூலகம் எரிந்த நாளைச் சிலர் மே 31 என்றும் சிலர் ஜூன் 1 என்றும் எழுதுவார்கள்.

தேர்தலை முன்னிட்டுத் தெற்கிலிருந்து பெருந்தொகைப் பொலிசார் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் அமைச்சர்களான சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்காவும் அப்போது யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்கள். இந்தத் தீவைப்புக்காக இன்றுவரை ஒருவர்கூட நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை.

பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார், புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்விட்டார். கவிஞர் எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதை இந்த எரிப்பைப் பற்றியதுதான். பின்னாளில் சோமீதரன் 'எரியும் நினைவுகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார்.

97,000 என்ற எண்ணிக்கையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இழப்பின் அளவு அந்த எண்ணில் இல்லை. ஒரு நூலகத்தில் இரண்டு வகைப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று, இங்கே எரிந்தால் வேறிடத்தில் வாங்கக்கூடியது. ஓர் ஆங்கில அகராதி, ஒரு கலைக்களஞ்சியம், பாடநூல் போன்றவை இந்த வகை. மற்றது வாங்கவே முடியாதது. ஓலைச்சுவடிகள், உள்ளூர் அச்சகங்களில் நூறு இருநூறு பிரதி மட்டும் அச்சிடப்பட்ட சிறு நூல்கள், பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள், துண்டுப் பிரசுரங்கள், அறிஞர்கள் வாழ்நாள் முழுவதும் சேர்த்துப் பின்னர் நூலகத்துக்குக் கொடுத்த தொகுதிகள். யாழ். நூலகத்தில் ஆனந்த குமாரசுவாமி, கோப்பாய் வன்னியசிங்கம் போன்றவர்களின் பெயரில் இருந்த தொகுதிகளும் எரிந்து போயின. ஒருவர் சேர்த்த தொகுதியில் எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது, ஓரத்தில் என்ன குறிப்பு எழுதியிருந்தார் என்பதும் ஒரு வரலாறு. அதற்கு மறுபதிப்பு கிடையாது.

எரிந்ததை வைத்திருப்பதா, மறைப்பதா?

எரிந்த கட்டடத்தை என்ன செய்வது என்ற கேள்வி உடனேயே எழுந்தது. எரிந்த பகுதியை நினைவுச் சின்னமாக அப்படியே விட்டுவிட்டு, பின்புறத்தில் புதிய கட்டடம் கட்டலாம் என்று ஒரு திட்டம் வந்தது. நல்ல யோசனைதான். பார்க்க வருபவர்களுக்கு ஒன்று, படிக்க வருபவர்களுக்கு ஒன்று. 1984 ஜூனில் நூலகத்தின் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் 1985 இல் படையினரின் கையில் அது மீண்டும் சேதமடைந்தது. அதன் பிறகு போர். நூலகம் இருப்பது கோட்டைக்குப் பக்கத்தில். கோட்டையைச் சுற்றி நடந்த சண்டைகளில் நூலகத்தின் மிச்சமும் குண்டடிபட்டு நின்றது.

1990 களின் கடைசியில் சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் மீளக் கட்டும் வேலையைத் தொடங்கியது. நாடு முழுவதிலும் மக்களிடம் ஆளுக்கு ஒரு புத்தகமும் ஒரு செங்கல்லும் கேட்கும் இயக்கம் நடந்தது. பழைய வரைபடத்தின் சாயலிலேயே, இன்னும் பொலிவாகக் கட்டடம் எழும்பியது. இதைப் பற்றி இரண்டு கருத்து இருந்தது. நூலகம் இல்லாமல் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது, பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும், ஆகவே கட்டத்தான் வேண்டும் என்பது ஒன்று. குற்றம் செய்தவர்கள் யார் என்று சொல்லாமல் வெள்ளையடித்துவிட்டால், குற்றத்தின் சாட்சியும் சேர்ந்து அழிந்துவிடுமே என்பது மற்றது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. 2003 பெப்ரவரியில் நடக்க இருந்த திறப்பு விழா விடுதலைப் புலிகளின் எதிர்ப்பால் நின்றது. மேயர் செல்லன் கந்தையனும் மாநகரசபை உறுப்பினர்களும் பதவி விலகினார்கள். பின்னர் ஆர்ப்பாட்டமான விழா எதுவும் இல்லாமல் நூலகம் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆக, எரிந்த பகுதியை நினைவுச் சின்னமாக வைத்திருக்கும் யோசனை கைவிடப்பட்டது. ஒரே கட்டடம் இரண்டு வேலையையும் செய்ய வேண்டியதாயிற்று.

பஸ்கள் வந்தன

2009 மே மாதம் போர் முடிந்தது. ஏ9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் யாழ்ப்பாணம் வந்தார்கள். பலருக்கு அது வாழ்நாளில் முதல் யாழ்ப்பாணப் பயணம். நாகவிகாரை, நயினாதீவு, கோட்டை என்று வந்தவர்கள் நூலகத்துக்கும் வந்தார்கள். 2010 அக்டோபரில் ஒரு சம்பவம் பத்திரிகைகளில் வந்தது. நூலகத்தில் மருத்துவர்களின் மாநாடு நடந்ததால் அன்று பார்வையாளர்களை அனுமதிக்கவில்லை. வந்திருந்த சுற்றுலாப் பயணிகள் சிலர் வற்புறுத்தி உள்ளே நுழைந்ததாகவும், புத்தகங்களைக் கலைத்துப் போட்டதாகவும் செய்திகள் வெளிவந்தன. என்ன நடந்தது என்பதில் மாறுபட்ட கூற்றுகள் உண்டு. ஆனால் யாழ்ப்பாண மக்களுக்கு அந்தச் செய்தி ஏன் அவ்வளவு வலித்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. வேறு எந்த ஊர் நூலகத்திலும் அது ஒரு சிறு குழப்பமாகப் போயிருக்கும். இங்கே புத்தகம் ஒன்று கீழே விழுந்தாலும் 1981 ஞாபகம் வரும்.

வந்தவர்கள் எல்லோரும் அப்படி என்று சொல்ல முடியாது. மௌனமாக வந்து பார்த்துவிட்டு, வெட்கத்தோடும் துக்கத்தோடும் திரும்பிப் போன சிங்கள மக்களும் உண்டு. 1981 ஐப் பற்றிக் கேள்விப்படாமலேயே வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. இவர்களில் கடைசிக் கூட்டத்தாருக்குத்தான் அந்த வெள்ளைக் கட்டடம் எதையும் சொல்வதில்லை. 'எவ்வளவு வடிவான கட்டடம்' என்று படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடலாம்.

பெரிய மனிதர்களும் வந்தார்கள். 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்கு வந்த பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் இந்த நூலகத்துக்கு வந்தபோது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வெளியே படங்களோடு நின்றார்கள். நூலகம் என்றால் உலகம் திரும்பிப் பார்க்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2016 இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நூலக எரிப்புக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 1981 இல் ஆட்சியில் இருந்தது அவருடைய ஐக்கிய தேசியக் கட்சிதான். அவரும் அப்போது அமைச்சர். 35 ஆண்டுகள் கழித்து வந்தாலும் மன்னிப்பு மன்னிப்புத்தான். ஆனால் விசாரணை அதோடு வரவில்லை.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

எரிந்த நூலகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற சிக்கல் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது பெல்ஜியத்தின் லூவன் நகரம். 1914 ஆகஸ்டில் ஜேர்மன் படை அங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தை எரித்தது. போர் முடிந்தபின் செய்துகொண்ட வெர்சாய் உடன்படிக்கையின் 247 ஆவது பிரிவு, எரிந்த நூல்களுக்கு ஈடாக ஜேர்மனி நூல்கள் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. எரித்தவர்கள் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று ஒரு சர்வதேச உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது! அமெரிக்கர்களின் நன்கொடையில் புதிய கட்டடம் 1928 இல் திறக்கப்பட்டது. அப்போது அதன் முகப்பில் என்ன எழுதுவது என்று பெரிய சண்டை வந்தது. ஜேர்மனியரின் வெறியால் அழிந்தது, அமெரிக்கரின் கொடையால் மீண்டது என்ற பொருளில் இலத்தீனில் எழுதவேண்டும் என்றார் கட்டடக்கலைஞர் விட்னி வொரன். சமாதானம் வேண்டும், வெறுப்பைக் கல்லில் செதுக்க வேண்டாம் என்றது பல்கலைக்கழகம். கடைசியில் அந்த வாசகம் இல்லாமலே திறந்தார்கள். 1940 இல், அடுத்த போரில், அந்தக் கட்டடமும் எரிந்தது. மீண்டும் கட்டினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் அதன் கோபுரத்தில் ஏறுகிறார்கள், மாணவர்கள் வாசிப்பு மண்டபத்தில் படிக்கிறார்கள்.

இரண்டாவது பொஸ்னியாவின் சரயேவோ நகரம். அங்கே தேசிய நூலகம் இருந்த பழைய நகர மண்டபத்தின் மீது 1992 ஆகஸ்ட் 25 இரவு குண்டுகள் வீசப்பட்டன. கட்டடம் எரிந்து, இருந்த நூல்களில் மிகப் பெரும்பகுதி சாம்பலானது. 2014 இல் கட்டடம் அற்புதமாகப் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. எரித்தவர்கள் யார், எப்போது, எவ்வளவு அழிந்தது, இதை மறக்கக்கூடாது என்று வாசலில் ஒரு கல்வெட்டு சொல்கிறது. உள்ளே போவதற்குக் கட்டணம். கண்காட்சிகள் இருக்கின்றன. ஆனால் தேசிய நூலகம் இப்போது அங்கே இயங்குவதில்லை. அது வேறு இடத்துக்குப் போய்விட்டது.

இந்த இரண்டையும் யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரயேவோவில் நினைவு இருக்கிறது, வாசகர் இல்லை. லூவனில் வாசகர் இருக்கிறார்கள், எரித்தவர்கள் ஈடும் செய்தார்கள், வாசகத்தை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் வாசகர் இருக்கிறார்கள், ஆனால் விசாரணையும் இல்லை, எரித்தவர்களிடமிருந்து ஈடும் இல்லை, முகப்பைப் பார்த்தால் நடந்ததும் தெரிவதில்லை. லூவனுக்கு வாசகத்தை விட்டுக்கொடுக்க முடிந்ததற்குக் காரணம், குற்றம் வேறோரிடத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்பதுதான். எழுதப்படாத குற்றத்தை மறந்துவிடு என்று சொல்வது வேறு கதை.

எப்படிப் பார்ப்பது?

அப்படியானால் யாழ். நூலகத்தைக் காட்சியகம் ஆக்கிவிடலாமா? கூடாது. ஆக்கினால் 1981 இல் தொடங்கிய வேலையை நாமே முடித்து வைத்ததாகிவிடும். எரித்தவர்களின் நோக்கம் ஒரு சமூகம் படிக்கும் இடத்தை இல்லாமல் செய்வது. அங்கே மறுபடியும் பத்திரிகை விரித்துக்கொண்டு ஒரு முதியவர் இருக்கிறார், உயர்தரப் பரீட்சைக்கு ஒரு மாணவி குறிப்பு எடுக்கிறாள், சிறுவர் பகுதியில் ஒரு பிள்ளை படம் பார்க்கிறது என்றால், அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் எந்தக் கல்லிலும் செய்ய முடியாது. ரங்கநாதனின் முதல் விதியும் அதைத்தான் சொல்கிறது.

ஆனால் படிக்கும் மாணவியின் மேசை வரலாற்றைச் சொல்லாது. அதை வேறு விதமாகச் சொல்ல வேண்டும். எரிந்த கட்டடத்தின் படங்கள், 1981 இன் பத்திரிகைச் செய்திகள், எரிந்துபோன தொகுதிகளின் விபரம், செல்லப்பா முதல் இன்றுவரை உள்ள கதை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒழுங்காகச் சொல்லும் ஒரு தனி அறை போதும். தெற்கிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை தன் சொந்த மொழியில் அதைப் படிக்க வேண்டும். அங்கே திட்டும் தேவையில்லை, கெஞ்சலும் தேவையில்லை. என்ன நடந்தது என்று மட்டும் எழுதினால் போதும். ஒவ்வொரு வருடமும் ஜூன் 1 வரும்போது நினைவுகூருகிறவர்கள் கேட்பதும் ஏறத்தாழ இதைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பதிலும் இருக்கிறது. 2005 இல் சில தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் இணையத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள், நினைவு மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் என்று கிடைப்பதையெல்லாம் மின்வருடி, யாரும் இலவசமாகப் படிக்க வைத்தார்கள். வாங்கவே முடியாத வகை என்று மேலே சொன்னோமே, அந்த வகைதான் இது. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்ததால்தான் ஒரே இரவில் எல்லாம் போனது. பல இடங்களில் பல பிரதிகள் இருந்தால் ஒரு தீப்பெட்டியால் எதுவும் செய்ய முடியாது.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் நூலகத்தையும் பார்க்கத்தான் வேண்டும். பார்வையாளர்களுக்கு என்று ஒதுக்கிய நேரத்தில் போங்கள். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். படிக்கிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். போவதற்கு முன் 1981 ஐப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் அந்தச் சுவர் உங்களுக்கு அதைச் சொல்லப் போவதில்லை. நேரம் இருந்தால் ஒரு பத்திரிகையை எடுத்து, ஒரு மூலையில் அமர்ந்து, பத்து நிமிடம் படித்துவிட்டு வாருங்கள். அந்தக் கட்டடம் கட்டப்பட்டது அதற்காகத்தான்.